டேலி: ஒரு குச்சியின் இரண்டு பாதி

குன்னூரில் ஒரு மொத்த மளிகைக் கடையின் குடோனில் கொஞ்ச காலம் இருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த லாரி நின்றதும் முதல் கேள்வி, "இன்னைக்கு டேலி யாரு போடறது?" சரக்கெல்லாம் இறங்கிய பிறகு கடைசிக் கேள்வி, "டேலி ஆச்சா?" முதலில் வருவது மூட்டை எண்ணிக்கைக் குறிப்பு, பின்னால் வருவது கணக்கு ஒத்துப்போவது. மூன்றாவது டேலி முதலாளி மேசைக் கணினிக்குள் இருந்தது: 1986-இல் தொடங்கிய பெங்களூரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'தாலேயா' என்றால் வெட்டிய குச்சி. (நம் தாலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாராவது முடிச்சுப் போடுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.) துணி வெட்டும் டெய்லரும், மொத்தத்தை வெட்டிச் சில்லறையாக விற்கும் ரீடெய்லும் இதே வேரில் கிளைத்தவை.

இங்கிலாந்து அரசின் கருவூலத்தில் பணம் கட்டியவருக்கு ரசீது தாளில் இல்லை, மரக்குச்சியில். அந்தக் குச்சிக்குத்தான் டேலி என்று பெயர். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அளவு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அளவு, இருபதுக்குச் சுண்டுவிரல் அளவு. வெட்டியதும் குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்கொரு பாதி. ஒருவர் திருட்டுத்தனமாக இன்னொரு வெட்டு போட்டால், இரண்டையும் சேர்த்து வைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். பணம் தந்தவரிடம் இருக்கும் நீளமான பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர். 1826-இல் இந்த முறையைக் கைவிட்டார்கள். மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்ற அடுப்புகளில் போட்டு எரிக்க, கட்டடமே பற்றிக்கொண்டது.

குச்சி போனாலும் அதன் சூத்திரம் போகவில்லை. டேலி என்றால் ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கணக்குகள் சந்திப்பது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மழை நாளில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினேன். பில்லில் 120, நானும் 120 என்று எழுதி, டிரைவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மாலையில் அடுக்கை எண்ணினால் 118. குறைவை டிரைவரின் தாளிலேயே எழுதி வாங்கியிருந்தால் அனுப்பியவரிடம் கேட்டிருக்கலாம். நான் எண்ணவே இல்லை, பில்லைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். பெரிய கிடங்குகளில் எண்ணுகிறவருக்கு பில் அளவைக் காட்டாமல் மறைப்பது இதனால்தான்.

எங்கள் மூத்த லோடுமேன் அண்ணனுக்கு பில்லே வேண்டாம். மூட்டை தாண்டத் தாண்ட, சுவரில் கரித்துண்டால் நான்கு நேர்க்கோடு, ஐந்தாவதாகக் குறுக்கே ஒன்று. முதல் மூட்டைக்கு மட்டும் 'ஒன்று' என்று சொல்லமாட்டார். களத்து மேட்டில் நெல் அளப்பவர்களைப் போல 'லாபம்' என்பார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் 'சரிபார்ப்பு' என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சாக்கு நனைந்திருக்கிறதா, பாக்கெட்டில் தேதி முடிந்ததா என்று பார்ப்பதும் சரிபார்ப்புதான். ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம். டேலிக்கு இரண்டு வேண்டும். அதனால் 'ஒத்துப்பார்த்தல்' என்பேன். அலுவல் நடைக்கு 'ஒப்புநோக்கல்' இருக்கட்டும். டேலி ஷீட்டுக்கு 'எண்ணிக்கைத் தாள்' போதும். மென்பொருளின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்.

'டேலி ஆகவில்லை' என்பதற்கு மட்டும் நான் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை கரிக்கோடுகளையும் என் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, கணக்கு இடிக்குதே."