மூன்றடித் தொட்டிக்கு எந்தக் கடல் மீன்?

சென்னையில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் தொழில். புதிதாகத் தொட்டி வைப்பவர்களில் பெரும்பாலானோர் கேட்பது இரண்டு மீன்களைத்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன், அப்புறம் நீல நிற ப்ளூ டாங். எல்லாம் 'ஃபைண்டிங் நீமோ' சினிமா செய்த வேலை. க்ளவுன் சரி, தாராளமாக வளர்க்கலாம். ப்ளூ டாங்கில்தான் சிக்கல். கடையில் பார்க்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும். வளர்ந்தால் ஒரு அடி. பகலெல்லாம் பவளத்திட்டுகளின் மேல் நீந்திக்கொண்டே இருக்கிற மீன் அது. மூன்றடிக் கண்ணாடிக்குள் விட்டால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்தே உடம்பு கெட்டுப்போகும்.

கடைத் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எம்பரர் ஏஞ்சல் குட்டியைப் பாருங்கள்: கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள், உள்ளங்கையில் அடங்கும் அளவு. முழு வளர்ச்சியில் மஞ்சள் கோடுகளோடு ஆளே மாறி 40 சென்டிமீட்டர் வரை போகும். கொம்பு முளைத்த மஞ்சள் கவ்ஃபிஷ்ஷும் அப்படித்தான். நகத்தளவில் வாங்குவது ஒன்றரை அடி வரை போகக்கூடியது. அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மிரண்டாலோ சாகும் நிலைக்கு வந்தாலோ அதன் தோலிலிருந்து நஞ்சு கசியும். சின்னத் தொட்டியில் உடனிருக்கிற மீன்களோடு சேர்ந்து தானும் சாகும்.

3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் உள்ள தொட்டிக்குக் கணக்குப்படி 190 லிட்டர் பிடிக்கும். மணல், பாறை, மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் 150 லிட்டர் தேறினால் பெரிது. இதே அளவு நன்னீர்த் தொட்டியில் இருபது சின்ன டெட்ரா மீன் விட்டுப் பழகியவர்கள் கடல் மீனிலும் அதே கணக்கைப் போடுவார்கள். அது எடுபடாது. உப்புத் தண்ணீரில் கரைகிற ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவு, சூடு ஏற ஏற இன்னும் குறையும். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியா அதே அளவு இருந்தாலும் அதிக விஷமாகிவிடும். மே மாதச் சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் இல்லாமல் ஒரு பகல் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் இந்த அளவுத் தொட்டிக்கு நான் சொல்வது நான்கு மீன், மிஞ்சினால் ஐந்து. எல்லாம் நான்கு அங்குலத்துக்குள் நிற்கிற இனங்கள்.

அளவுக்கு அடுத்தது சாப்பாடு. இதில்தான் பணமும் உயிரும் அதிகம் போகிறது. மாண்டரின் மீன் மூன்று அங்குலம் தாண்டுவது அரிது, சண்டை போடாது, அழகுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் அது நாள் முழுக்கப் பாறையிலிருந்து கொறிப்பது கோப்பிபாட் எனும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓட்டுப் பூச்சிகளை. புதுத் தொட்டியில் இருப்பதைச் சில வாரங்களில் தின்று தீர்த்துவிட்டு, நாம் போடுகிற பெல்லட் எனும் குருணைத் தீனியைத் திரும்பியும் பார்க்காமல் மெலிந்து சாகும். மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்து பிழைக்கிற க்ளீனர் ராஸுக்கு, நான்கு மீன் உள்ள தொட்டியில் வயிறு நிறைய வழியில்லை. பட்டர்ஃப்ளை மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தைத் தவிர வேறெதையும் தொடாது. 'பழக்கினால் சாப்பிடும் சார்' என்று கடையில் சொன்னால், பழகிய பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மீனை எப்படிப் பார்ப்பது? நிறத்தை ஒதுக்கிவிட்டு முதலில் தலைக்குப் பின்னால் முதுகைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிடுகிற மீனுக்கு அங்கே சதை திரண்டிருக்கும். பட்டினி கிடந்ததற்கு அந்த இடம் வற்றிக் கத்தி முனை மாதிரி தெரியும், வயிறு உள்வாங்கியிருக்கும். இரண்டு நாளில் தேற்றக்கூடிய மெலிவு இல்லை அது. அப்புறம் செவுள். பக்கத்துத் தொட்டியில் உள்ள அதே இன மீனைவிட வேகமாக அடித்தால், அல்லது ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைந்தால், விட்டுவிடுங்கள். கடைசியாக, உங்கள் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். 'இப்பதான் போட்டோம்' என்றால் மறுநாள் போங்கள். சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரில் கடைகளுக்கா பஞ்சம்?

நான் இவ்வளவு சொல்லியும் பலர் முதல் நாளே வாங்கி விடுவது டேம்சல். விலை குறைவு, எதையும் தாங்கும், தொட்டி 'செட்' ஆக இதை விடுங்கள் என்று கடையிலேயே தருவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கருப்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த அந்தச் சின்ன மீன் பாதித் தொட்டியைத் தன்னுடையதாக்கி, புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் கடித்துத் துரத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடிப்பதற்குப் பாறை எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். என்னைக் கூப்பிடுகிற வேலைகளில் இது அடிக்கடி வரும். தொட்டியைத் தயார் செய்ய மீனே தேவையில்லை. ஓர் இறால் துண்டைப் போட்டால் அது அழுகி அம்மோனியா தரும், அதைத் தின்று நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெருகும். நான்கு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்ததும் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு மீன் விடலாம். அதுவரை வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சரி, எதை விடுவது? முதலில் பயந்த சுபாவம் உள்ளது. ஃபயர்ஃபிஷ் ஒன்று, முன்பாதி வெள்ளை, வால் பக்கம் சிவப்பு. மிரண்டால் துள்ளி வெளியே விழும், ஆகவே தொட்டிக்கு மேல் வலை மூடி கட்டாயம். அடுத்து மணல் குழி வாசலில் காவல் நிற்கிற மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று. கூடவே ஒரு பிஸ்டல் இறால் கிடைத்தால் விடுங்கள். கண் மங்கிய இறால் குழி வெட்டும், கோபி காவல் பார்க்கும். இறாலின் மீசை எப்போதும் மீனின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு பாங்காய் கார்டினல் சேர்க்கலாம், பண்ணையில் பிறந்ததாக இருக்கட்டும். இந்தோனேசியாவில் பாங்காய் தீவுகளை ஒட்டி மட்டுமே இயற்கையில் இருக்கிற மீன் அது, கடலிலிருந்து பிடித்துப் பிடித்தே குறைந்துபோனது.

க்ளவுன் ஜோடி கடைசியில்தான். முதலில் விட்டால் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அண்ட விடாது. ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, ஒரே இனத்தில் வாங்குங்கள். எல்லாமே ஆணாகத்தான் வளரும். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். மூன்றாவதைச் சேர்த்தால் அதைக் கொன்றுவிடும். கடலில் க்ளவுன் தஞ்சம் புகுகிற அனிமோன் எனும் கடல்வாழ் உயிரி இல்லாமலே நன்றாக இருக்கும். நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற செபே க்ளவுன் அரை அடி வரை வளரும், மூன்றடித் தொட்டிக்கு அது வேண்டாம், ஓசெலாரிஸ் எனும் சின்ன க்ளவுன் இனம் போதும். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் பரங்கிப்பேட்டையிலும் க்ளவுன் குஞ்சு பொரிப்பு நடந்திருக்கிறது. பொரிப்பகக் குஞ்சு சிறு வயதிலிருந்தே பெல்லட் சாப்பிட்டுப் பழகியது, அதனால் கடலில் பிடித்ததைவிடத் தொட்டியில் எளிதாக நிலைக்கும்.

கடல்குதிரை கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 2001-இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது, சட்டம் பாதுகாக்கிற உயிரினம் அது. யாராவது கவரில் போட்டு ரகசியமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கி வந்ததை நேரே பெரிய தொட்டியில் விட வேண்டாம். இரண்டடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. பைப் துண்டு, இதில் ஒரு மாதம். கடல் மீனுக்கு வருகிற வெள்ளைப்புள்ளி நோய் சில நாள் மறைந்து குணமானதுபோல் காட்டும், கிருமி மணலில் பெருகிவிட்டுத் திரும்ப ஏறும். அதற்குத் தாமிர மருந்து கேட்கும், ஆனால் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் சாகும், பாறையும் மணலும் மருந்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அங்கே நோய் புகுந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தனியாக வைத்தியம் பார்த்து, இரண்டு மாதத்துக்கு மேல் பெரிய தொட்டியை மீனில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும்.