மலையோடையின் அமிலத்தன்மையைத் தொடர்ந்து அளப்பது எப்படி?

சென்னை வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத்தைச் சரிபார்க்க வருபவர், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டரை ஆழ்துளைக் கிணற்று நீரில் முக்கிக் காட்டுவார். எண் பல நூறுகளில் நிற்கும். வடிகட்டிய நீரில் அது சில பத்துகளுக்கு இறங்கிவிடும். கிரானைட் போன்ற எளிதில் கரையாத பாறைகளின் மீது ஓடும் மலையோடைகளின் நீர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நம் நிலத்தடி நீரில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் தாராளமாக இருப்பதால், சிறிது அமிலம் கலந்தாலும் அதன் பிஎச் மதிப்பு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) பெரிதாக மாறுவதில்லை. ஓடை நீரில் அந்தக் கையிருப்பு மிகக் குறைவு. ஆகவே, நிலக்கரிப் புகையில் உருவாகும் கந்தக அமிலம் மழையோடு வந்து சேரும்போது முதலில் பாதிக்கப்படுபவை இத்தகைய ஓடைகளே.

ஆனால் அந்தப் பாதிப்பை அளந்து காட்டுவது எளிதன்று. பிஎச் மீட்டரின் கண்ணாடி மின்முனையை, பிஎச் 4, 7 ஆகிய மதிப்புகளில் மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசல்களில் வைத்துச் சரிசெய்வது வழக்கம். அவை உப்பு மிகுந்தவை. அங்கிருந்து உப்புக் குறைந்த ஓடை நீருக்கு மாற்றியதும், எண் நிலைகொள்ளாமல் சில நிமிடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். நீரைக் கலக்கியபடி அளந்தால் ஒரு மதிப்பும், அசையாமல் விட்டு அளந்தால் வேறொரு மதிப்பும் கிடைக்கும். மின்முனையில் ஒட்டியிருக்கும் ஒரு துளி தாங்கல் கரைசல்கூட முடிவைக் கெடுத்துவிடும். எனவே மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரிலும், பிறகு அதே ஓடை நீரிலும் அலசி, அசையாத நீரில் பொறுமையாகக் காத்திருந்து அளக்க வேண்டும். ஓடை நீரை எடுக்கும் புட்டியை, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்புவதும் அவசியம். கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் உயர்ந்துவிடும். பிஎச் தாளை இத்தகைய நீருக்கு நம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒருநாள் அளவு சரியாக இருந்தாலும் அது போதாது. வறண்ட நாட்களில் ஓடைக்கு வருவது பாறையிடுக்குகளில் நெடுநேரம் தங்கிய நீர்; கனமழையில் வருவதோ அமில மேல்மண் வழியாக விரைந்து இறங்கிய நீர். இதனால் சில மணி நேரத்திலேயே பிஎச் ஓர் அலகுக்கு மேல் குறையக்கூடும், அதாவது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்குக்கு மேல் கூடக்கூடும். அப்போது மண்ணிலிருந்து கரைந்துவரும் அலுமினியம் மீன்களின் செவுள்களில் படிந்து அவற்றை மூச்சுத்திணற வைக்கும். ஆகவே பிஎச்சுடன் நீரோட்டம், சல்பேட், நைட்ரேட், கால்சியம், அலுமினியம் ஆகியவற்றையும் பதிவுசெய்து, அமிலத்தை ஈடுகட்ட நீருக்கு எவ்வளவு திறன் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஹப்பார்ட் புரூக் காட்டில் 1963 முதலும், பிரிட்டனின் மலை ஏரிகளிலும் ஓடைகளிலும் 1988 முதலும் இந்தப் பதிவு நடந்துவருகிறது. ஆலைப் புகையில் கந்தகம் குறைந்ததும் ஓடைகளில் சல்பேட் இறங்கியது. ஆனால் பிஎச் அதே வேகத்தில் மீளவில்லை. அமிலத்தை ஈடுகட்ட உதவும் கால்சியத்தைப் பல ஆண்டு அமில மழை மண்ணிலிருந்து அடித்துச் சென்றுவிட்டதே காரணம் என்று ஹப்பார்ட் புரூக் காட்டை ஆய்ந்த ஜீன் லைக்கன்ஸ் குழுவினர் 1996இல் எழுதினர். இதைச் சோதிக்க 1999இல் அக்காட்டின் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஹெலிகாப்டர் மூலம் கால்சியம் சிலிகேட் தூவப்பட்டது. பிரிட்டன் ஓடைகளில் வேறொன்றும் தெரிந்தது: சல்பேட் குறையக் குறைய, மண்ணிலிருந்து கரிமப் பொருள் அதிகமாகக் கரைந்து நீர் பழுப்பேறியது. அந்தப் பொருளும் அமிலத்தன்மை கொண்டதாகையால், மீட்சியின் ஒரு பங்கை அது விழுங்கிவிடுகிறது.