பிள்ளைகளுக்கு எதில் விட்டுக்கொடுக்கிறோம், எதில் இறுக்கிப் பிடிக்கிறோம்?

14 வயதில் ஸ்கூட்டர் சாவி கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த வருடம், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று பேச்சு எழும்போது, அதே பிள்ளையிடம் "உனக்கு என்ன தெரியும், பேசாமல் இரு" என்கிறோம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநல சிகிச்சை அளிக்கும் நான் அன்றாடம் சந்திக்கும் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். "பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம், டாக்டர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதில் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. உயிருக்கு உலை வைக்கும் விஷயங்களில் தாராளமாக விட்டுவிட்டு, தவறிப்போனால் பத்து ரூபாய் நஷ்டத்தோடு முடிகிற விஷயங்களில் இறுக்கிப் பிடிக்கிறோம்.

வண்டியைக் கொடுத்தால் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிற அலைச்சல் மிச்சம். ஃபோனைக் கொடுத்தால் குழந்தை அடம் பிடிக்காமல் நாலு வாய் சாப்பிடும். தானே தலை வாரிக்கொள்ளவும் தானே பை அடுக்கவும் விட்டாலோ நேரமாகும், பள்ளி வேன் போய்விடும். ஆகவே பிள்ளையின் பக்குவத்தைவிட நம் வசதியே பல வீடுகளில் அளவுகோலாகிவிடுகிறது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை ஏழு மணி எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த அவசரத்தின் விலையைப் பிள்ளைகள் பின்னால் கொடுக்கிறார்கள்.

வண்டியை முதலில் பேசிவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டப்படி 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. நம் வீட்டு வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. இதையெல்லாம் சொன்னால், "அவன் என்னைவிட நன்றாக ஓட்டுவான் டாக்டர்" என்பார் அப்பா. உண்மையாகவே நன்றாக ஓட்டுவான்தான். ஓட்டத் தெரிவது வேறு, பின்னால் நண்பன் உட்கார்ந்திருக்கும்போது நிதானிக்க முடிவது வேறு.

அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எதுவரை துணிந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக விளையாடியபோது 13 முதல் 16 வயதுவரையான பிள்ளைகள் பெரியவர்களைப் போலவே நிதானமாக இருந்தார்கள். நண்பர்கள் அருகில் நின்று பார்த்தபோது அவர்களுடைய துணிச்சல் வெகுவாகக் கூடியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்விளைவை யோசித்து உந்துதலை அடக்குகிற முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருப்பதும், இந்த வயதில் நண்பர்களின் பாராட்டு மூளைக்குக் கூடுதலாக ருசிப்பதும் இதற்குக் காரணங்கள். நல்ல வளர்ப்பு, கெட்ட வளர்ப்பு என்பதற்கு இங்கே வேலையில்லை. எந்தப் பிள்ளைக்கும் இதுதான் நடக்கும்.

அதனால் நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது, "தனியாகவா, கூட்டாகவா?" என்பதைத்தான். 15 வயதுப் பிள்ளை மதுரையிலிருந்து திருநெல்வேலியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பகலில் தனியாகப் பஸ்ஸில் போய் வரட்டும். அதற்குப் பயப்படும் வீடுதான், மூன்று நண்பர்களோடு ஒரே வண்டியில் அணைக்கட்டுக்குக் குளிக்கப் போவதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. நீச்சலும் அப்படியே. கோடை விடுமுறையில் குளத்துக்கும் கிணற்றுக்கும் போகாதே என்று வாயால் தடுப்பதோடு நிற்கிறோம். பெரியவர் ஒருவர் கூடவே இறங்கி, ஏழெட்டு வயதிலேயே நீந்தக் கற்றுக்கொடுத்துவிட்டால் அந்தத் தடைக்கும் ஒரு மரியாதை இருக்கும்.

ஃபோன் விஷயம் இதைவிடச் சிக்கலானது. என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 15 வயது. தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, மதிப்பெண் சரிந்துவிட்டது என்று அழைத்து வந்தார்கள். இன்ஸ்டாகிராமில் பழகிய ஒருவன் அவளுடைய படத்தை வைத்துக்கொண்டு பல மாதங்களாக மிரட்டி வந்திருக்கிறான். அப்பா தினமும் இரவில் அவளுடைய ஃபோனை வாங்கிப் பார்ப்பவர், கடவுச்சொல் தெரிந்தவர். அவர் பார்ப்பதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள். பள்ளியிலிருந்தும் நிறுத்திவிடுவார்கள்." அவள் பயந்தது மிரட்டியவனுக்கு மட்டுமல்ல.

2000ஆம் ஆண்டில் சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவர்கள் துருவி விசாரித்தோ கட்டுப்படுத்தியோ தெரிந்துகொண்டது அல்ல. பிள்ளை தானாக வந்து சொன்னது. ஆகவே எதைக் கண்காணிப்பது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது, பிள்ளை எதைச் சொன்னால் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்று யோசிக்கச் செலவிடுங்கள். "உன் பக்கம் தப்பே இருந்தாலும் முதலில் முழுவதும் கேட்பேன். படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று பிரச்சினை வருவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அப்பா அதைச் சொன்னது என் அறையில்தான். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. இத்தகைய மிரட்டலுக்கு 1098 சிறார் உதவி எண்ணிலும் 1930 சைபர் குற்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவரை இப்படி மிரட்டுவது குற்றம், மிரட்டியவர் மீதான குற்றம். இதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரவில் வீட்டிலுள்ள எல்லோருடைய ஃபோனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, கூடத்தில்தான் சார்ஜ் ஏற வேண்டும். இன்ஸ்டாகிராமே 13 வயதுக்குக் கீழ் கணக்குத் தொடங்க அனுமதிப்பதில்லை. பத்து வயதுக் குழந்தைக்குப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது பல வீடுகளில் பெற்றோரே. ஃபோனில் இருப்பிடம் காட்டும் வசதியைப் போடுவதானால் பிள்ளைக்குத் தெரிந்தே போடுங்கள். ஒளிந்து பார்த்தது தெரியவரும் நாளில், அந்தப் பிள்ளை தானாக வந்து சொல்வது நின்றுவிடும்.

இனி, நாம் கொடுக்க மறுப்பவை. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று 12 வயதுப் பையன் ஒருவனிடம் கேட்டேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். "இட்லி டாக்டர், ரெண்டே ரெண்டு" என்றார் அம்மா. எதற்கெடுத்தாலும் பயம், வகுப்பில் எழுந்து பேச மாட்டேன் என்கிறான் என்பது அவர்கள் கொண்டுவந்த பிரச்சினை. பையை அடுக்குவது பாட்டி, தண்ணீர் பாட்டிலை நிரப்புவது அம்மா, நண்பனோடு சண்டை வந்தால் அந்த நண்பனின் அம்மாவுக்கு ஃபோன் செய்து தீர்த்துவைப்பதும் அம்மா. அவனுக்குத் தவறு செய்யவே வாய்ப்பில்லை. செய்த தவறைச் சரிசெய்து பார்க்கவும் வாய்ப்பில்லை. பயம் எங்கிருந்து போகும்?

தெருமுனைக் கடையில் தயிர் வாங்கி வரச் சொல்வதிலிருந்து தொடங்கினோம். முதல் சில நாட்கள் பாட்டி வாசலில் நின்று பார்க்கலாம், பிறகு உள்ளே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் தயிருக்குப் பதில் பால் பாக்கெட்டோடு வந்து நின்றிருக்கிறான். பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா தடுத்து, "நீயே போய் மாற்றி வா" என்று அனுப்பியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது இதை என்னிடம் அவனே சொன்னான். கடைக்காரர் முதலில் மாற்ற மாட்டேன் என்றாராம், இவன் பில்லைக் காட்டினானாம், பிறகு மாற்றிக் கொடுத்தாராம். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே முழுவதையும் சொல்லி முடித்தான்.

இரண்டு மூன்று வயதில் குழந்தை "நானே, நானே" என்று கரண்டியைப் பிடுங்குகிறதே, அது வெறும் பிடிவாதம் இல்லை. அந்த வயதில் தன்னால் முடியும் என்ற உணர்வு வளர வேண்டும், வளராவிட்டால் வெட்கமும் சந்தேகமும் அந்த இடத்தில் குடியேறும் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்னார். சோறு கீழே சிந்தட்டும். ஏழெட்டு வயதில், சாலையைக் கடக்கத் தேவையில்லாத கடைக்குப் போய் வரலாம். வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் பத்து வயதையொட்டித்தான் ஓரளவு கைகூடுகிறது. அதுவரை சாலையைக் கடக்கும்போது கூட ஒருவர் வேண்டும். பணமும் அப்படிப் படிப்படியாகத்தான். 10 வயது நிரம்பிய பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம், வரம்பை வங்கியே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவித்தது. மாதம் 200 ரூபாய் கொடுத்து, அது 10ஆம் தேதியே தீர்ந்துபோனால் மீதி நாட்களைப் பிள்ளையே சமாளிக்கட்டும். 22 வயதில் கிரெடிட் கார்டோடு கற்றுக்கொள்வதைவிட இது மலிவு.

ஆணுக்கும் பெண்ணுக்கும் நாம் வைத்திருக்கும் இரட்டை நியாயம் இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. அரசு பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் அக்காவின் பெயரில் வருகிறது, ஓட்டுபவன் தம்பி. அவள் வயதுக்கு வந்ததும் நூலகம், தோழி வீடு, விளையாட்டு மைதானம் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிடுகின்றன. அதே வீட்டில் 17 வயதுப் பையன் எங்கே போகிறான் என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவவும் அவனுக்குத் தெரியாது. அவளுக்குப் பொறுப்பு உண்டு, சுதந்திரம் இல்லை. அவனுக்கு நேர்மாறு. இரண்டு பேரும் என்னிடம் வருகிறார்கள், வேறு வேறு வயதில். உலகம் கெட்டுக்கிடக்கிறது என்று தாய்மார்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பஸ்ஸில் ஒருவன் உரசினால் உரத்த குரலில் கேட்க, நடத்துநரிடம் சொல்ல, இறங்கி வேறு பஸ் பிடிக்க அவளுக்குத் தெரிய வேண்டுமானால், அவள் பஸ்ஸில் போக வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் தாண்டியதும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் வரத் தொடங்குகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை விடுதியோடு கூடிய பள்ளியில், எழுவது முதல் படுப்பதுவரை மணியடித்து நடத்தப்பட்டவர்கள். அல்லது வீட்டிலேயே அப்படி இருந்தவர்கள். திடீரென்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஓர் அறை, ஒரு ஃபோன், கேட்க யாருமில்லை. சிலர் இரவெல்லாம் விளையாடி வகுப்பைத் தவறவிடுகிறார்கள். சிலர் துணி துவைக்கத் தெரியாமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் அறையிலேயே அழுதுகொண்டிருக்கிறார்கள். விரும்பாத படிப்பில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம். பதினொன்றாம் வகுப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே செலவு எவ்வளவு, வேலை வாய்ப்பு எப்படி, குடும்பத்தால் எதுவரை முடியும் என்பதை ஒளிக்காமல் பிள்ளை முன் வைத்துப் பேசுங்கள். பேசிய பிறகு அவள் வணிகவியல் என்றால் வணிகவியல்.

கொடுத்ததைத் திரும்ப எடுக்க வேண்டிய நேரமும் வரும். அப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து பத்து மணிக்கு வந்தால், அந்த மாலை வெளியே போவதை இரண்டு வாரம் நிறுத்துங்கள். ஃபோனையும் விளையாட்டையும் சேர்த்து நிறுத்தினால் எதற்காக இந்தத் தண்டனை என்பதே பிள்ளைக்குப் புரியாது. இரண்டு வாரம் கழித்து, மறக்காமல் திரும்பக் கொடுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் 'அவனுக்கென்று ஓர் இடம் வேண்டும்' என்ற நியாயம் செல்லாது. பிள்ளை வாரக்கணக்கில் தூங்கவில்லை, நண்பர்களைத் தவிர்க்கிறான், கையில் வெட்டுக் காயங்கள் தெரிகின்றன, செத்துப்போகலாம் என்று விளையாட்டாகவாவது சொல்கிறான் என்றால் கதவைத் தட்டி உள்ளே போய் உட்காருங்கள். நேரடியாகக் கேளுங்கள், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.