அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காமலே கிளம்பலாம்: கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தரும் உரிமைகள்

"போறதுன்னா போ, அட்வான்ஸை வெச்சுட்டுப் போ." செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் காட்டிலும் வேலை பார்த்தவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. முதலாளியின் நியாயமான கோரிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள், வாங்கிய பணத்தைக் கேட்பதில் என்ன தப்பு என்று. ஆனால் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 இந்த வாக்கியத்தைத்தான் குற்றத்தின் அடையாளமாகப் பார்க்கிறது.

முன்பணம் கொடுப்பதும் வாங்குவதும் தானாகக் குற்றமாகிவிடாது. அந்தப் பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது, வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, ஊருக்கோ சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ நினைத்தபோது போகவிடாமல் வைப்பது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவரைச் சூளையிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருவிழாவுக்கு அனுப்புவதும் ஒரு பூட்டுத்தான்.

சூளைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் வேலை இருக்காது. அப்போது மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுக்கிறார். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், கையில் கிடைப்பது வாரச் செலவுக் காசு மட்டும். சீசன் முடிவில்தான் கணக்குப் பார்ப்பார்கள். நோட்டு முதலாளியிடம் இருக்கும். மழையில் கரைந்த கல், காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் கழிந்து, கடைசியில் கடன் மிச்சமாக நிற்கும். அடுத்த வருஷமும் வர வேண்டும்.

சட்டம் இந்த நோட்டையே செல்லாததாக்குகிறது. சட்டம் வந்தது 1976-இல் என்றாலும், 1975 அக்டோபர் 25 முதலே கொத்தடிமை முறை ஒழிந்தது என்கிறது அது. அந்தக் கடன் அழிந்தது. அதற்காக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. அழிந்த கடனுக்காகப் பணத்தை வாங்கிக்கொண்டால்கூட மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று முதலாளி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியிடம் ஆதாரம் கேட்டு அலைக்கழிக்க இடமே இல்லை, சட்டப் புத்தகத்தின்படி.

புகாரை வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. உறவினர், பக்கத்து ஊர்க்காரர், சங்கம், யாரும் கொடுக்கலாம். அவசரமென்றால் 112, குழந்தைகள் இருந்தால் 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. அதிகாரிகள் விசாரித்துக் கொத்தடிமை என்று முடிவு செய்தால் விடுதலைச் சான்று தருவார்கள். இந்த ஒரு தாளை விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் சமரசம் பேசி, பஸ் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர் வந்து சேர்ந்ததே பெரிது என்று தோன்றும். ஆனால் சான்று இல்லாமல் வந்தால் கடன் ஒழிந்ததற்கும் ஆதாரம் இல்லை, மறுவாழ்வு உதவியும் கிடைக்காது.

அந்த உதவி மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வருகிறது. மீட்ட உடனே கையில் 30,000 ரூபாய் வரை. 2022 ஜனவரிக்கு முன்பு இது 20,000. இதற்கு வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்த உதவி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம். கடத்தப்பட்டுப் பாலியல் சுரண்டலில் சிக்கியவர்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு மூன்று லட்சம். முழுத் தொகை நீதிமன்ற நடவடிக்கையோடு கட்டப்பட்டிருப்பதுதான் இந்தத் திட்டத்தின் பலவீனம். வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். அதனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டதா என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழக்கு வரும், அதற்குரிய நிவாரணம் தனி. தமிழ்நாட்டில் மீட்கப்படுபவர்களில் இருளர் குடும்பங்கள் பலமுறை இருந்திருக்கின்றன. அவர்கள் வழக்கில் இந்தப் பிரிவு விடுபட்டுப்போகாமல் பார்க்க வேண்டும்.

முதலாளி தனிமனிதராக இல்லாமல் நிறுவனமாக இருந்தால்? "ஆள் பிடிச்சது மேஸ்திரி, எங்களுக்குத் தெரியாது" என்று ஒதுங்கப் பார்ப்பார்கள். 23-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. குற்றம் நடந்தபோது நிர்வாகப் பொறுப்பில் இருந்தவரும் நிறுவனமும் சேர்ந்தே குற்றவாளிகள். இயக்குநரோ மேலாளரோ கண்டும் காணாமல் விட்டிருந்தாலும் அவரையும் சேர்க்கலாம். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் அது தொகைதான். இன்று அதற்கு ஒரு லோடு செங்கல்கூட வராது.

அந்தச் செங்கல்லை வாங்கிக் கட்டடம் கட்டுகிற கம்பெனியை, வாங்கியதற்காக மட்டும் இந்தச் சட்டம் தொடுவதில்லை. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் தரும் பொறுப்பறிக்கையில் கட்டாய உழைப்பு பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டப்படி, ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்கள் வரை என்ன செய்தன என்று அறிக்கை வெளியிட வேண்டும். திருப்பூரிலிருந்து பனியன் வாங்குபவர்கள் நூற்பாலை விடுதி வரை கேள்வி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பெண்பிள்ளைகளைச் சேர்த்த 'சுமங்கலி' முறை வெளிநாட்டுக் கடைகள் வரை பேசப்பட்டது. சம்பளத்தைப் பிடித்துவைத்து, வெளியே விடாமல் வேலை வாங்கினால், நோட்டில் அட்வான்ஸ் என்று எழுதியிருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அங்கிருந்தும் புகார் கொடுக்கலாம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.