ரெகுலேட்டர் வேறு, சீராக்கி வேறு

கார் பேட்டரியில் ஏன் சார்ஜ் ஏறுவதில்லை என்று தமிழில் தேடிப் படித்தால், எஞ்சின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் உள்ள ‘மின்னழுத்த சீராக்கி’ பழுதாகியிருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்ற அறிவுரை தவறாமல் வருகிறது. சரி என்று ஆல்டர்னேட்டரின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே அருகருகே இரண்டு உறுப்புகள் இருக்கும். ஒன்று, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் பதித்த தட்டு. இன்னொன்று, இரண்டு கார்பன் பிரஷ்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய பெட்டி. தட்டின் பெயர் ரெக்டிஃபையர், பெட்டியின் பெயர் ரெகுலேட்டர். இதில் எது சீராக்கி? அரையலைச் சீராக்கம், முழுவலைச் சீராக்கம் என்ற பெயர்களில் ரெக்டிஃபையரின் வேலையை இலங்கைத் தமிழ் இயற்பியல் பாடநூல்களில் படித்தவரின் கை நேராகத் தட்டுக்குத்தான் போகும். நன்றாக இருக்கும் தட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, கெட்டுப்போன ரெகுலேட்டரை உள்ளேயே வைத்து மூடுவார். மறுநாளும் வண்டி கிளம்பாது.

இந்தச் சொல்லை இப்படியே எல்லோரும் நகலெடுத்துக்கொண்டிருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் ‘ரெகெரே’ என்றால் நேராகச் செலுத்துதல், ஆளுதல். அதன் வழியே வந்தது ‘ரெகுலா’, அதாவது நேர்கோடு பார்க்கும் அளவுகோல். பிறகு விதி என்றும் பொருள் விரிந்தது. ரெகுலேட்டர் அதன் வழித்தோன்றல். அதே ‘ரெகெரே’யின் இன்னொரு கிளை ‘ரெக்டுஸ்’, நேரானது. ரெக்டிஃபையர் என்றால் நேராக்குவது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் தமிழிலும் ஒரே சொல் போதும் என்று வாதிடுவோர் உண்டு. வேர் ஒன்றாக இருக்கலாம், ஆனால் செய்யும் வேலை இரண்டு. கருவியின் உறுப்புக்கு வேலையை வைத்துத்தான் பெயர் வர வேண்டும்.

ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரில் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளுக்குள் பிரஷ்கள் வழியாகச் சில ஆம்பியர் மின்னோட்டம் போகிறது. அதனால் ரோட்டர் காந்தமாகிறது. அந்தக் காந்தம் சுழலும்போது சுற்றியுள்ள அசையாத சுருள்களில், அதாவது ஸ்டேட்டரில், மூன்று கட்ட மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. பேட்டரிக்கு அது உதவாது, ஒரே திசையில் ஓடும் மின்சாரம்தான் வேண்டும். அப்படித் திருப்பிவிடுவது ரெக்டிஃபையர். பெரும்பாலும் ஆறு டையோடுகள் அந்த வேலையைச் செய்கின்றன. ரெகுலேட்டரோ, பேட்டரிக்குப் போகும் அந்தப் பெரிய மின்னோட்டத்தின் பாதையில் உட்கார்வதே இல்லை. வெளியே எத்தனை வோல்ட் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. கூடினால் ரோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது, இறங்கினால் கூட்டுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் முனகிக்கொண்டிருந்தாலும் 4,000 சுற்றில் பறந்தாலும், ஹெட்லைட் எரிந்தாலும் அணைந்தாலும், பேட்டரி முனையில் ஏறத்தாழ 14 வோல்ட் நிற்பது இதனால்தான்.

இப்போது ‘சீராக்கி’யை எடுத்துப் பாருங்கள். மேடுபள்ளமாக உள்ள ஒன்றை வாங்கிச் சமப்படுத்திக் கொடுப்பது என்பதே அதன் பொருள். ரெகுலேட்டர் எதையும் வாங்கிச் சமப்படுத்துவதில்லை. மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே எவ்வளவு பிறக்கலாம் என்று அது தீர்மானிக்கிறது. ரெக்டிஃபையருக்கு ‘சீராக்கி’ ஓரளவு பொருந்தும். ‘அலைதிருத்தி’ என்பது அதைவிட நன்றாகப் பொருந்தும். இரண்டு பெயர்கள் ரெக்டிஃபையருக்கே இருக்க, அதிலொன்றைப் பிடுங்கி ரெகுலேட்டருக்கு ஒட்டவைப்பது என்ன நியாயம்?

பைக் பழக்கம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். பல பைக்குகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், மெக்கானிக்குகள் ‘ஆர்.ஆர். யூனிட்’ (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) என்பார்கள். அங்கே சீராக்கி என்று சொல்லிவிட்டாலும் பெரிய நட்டமில்லை, எப்படியும் முழுப் பெட்டியையும்தான் மாற்றுவார்கள். அதே சொல்லைக் காருக்குக் கொண்டுவந்ததுதான் வினை.

அடுத்த போட்டியாளர் ‘மின்னழுத்த நிலைப்படுத்தி’. இது இன்னும் மோசம் என்பேன். நிலைப்படுத்தி என்றால் ஸ்டெபிலைசர், வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது. வெளியிலிருந்து ஏற்ற இறக்கத்தோடு வரும் மின்சாரத்தை அது சரிசெய்து தருகிறது. மேலும், கார் ரெகுலேட்டர் ஒரே அளவில் நிலையாக நிறுத்துவதும் இல்லை. குளிரில் பேட்டரி சார்ஜ் ஏற்கத் தயங்கும் என்பதால் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தும், சூடேறினால் தணிக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் எஞ்சின் கணினியே நிலைமைக்கு ஏற்ப எவ்வளவு வேண்டும் என்று உத்தரவிடுகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 13 வோல்ட்டுக்குக் கீழேகூட வேண்டுமென்றே இறக்கி வைக்கும், பிரேக் போடும்போது ஏற்றும். ‘நிலைப்படுத்தி’ என்று படித்தவர் மீட்டரில் எண் அசைவதைப் பார்த்ததும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார். ஒரு பெயர் சோதனை முடிவையே தவறாகப் படிக்க வைக்கிறது.

‘கட்டுப்படுத்தி’ தவறில்லை, ஆனால் கன்ட்ரோலர் என்ற பெயரில் ஒரு கூட்டமே வண்டிக்குள் இருக்கிறது. ‘மட்டுப்படுத்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது மேலே போகாமல் தடுப்பதை மட்டும் சொல்கிறது. கீழே விழாமல் தூக்கிவிடும் பாதி வேலை விட்டுப்போகிறது.

பட்டறைச் சொல்லையும் பார்த்துவிடுவோம். பழைய எலெக்ட்ரீஷியன்கள் இதைக் ‘கட்டவுட்’ என்பார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் ஆல்டர்னேட்டர் பரவுவதற்கு முன் கார்களில் இருந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் அழுத்தம் பேட்டரிக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பேட்டரி டைனமோவுக்குள் பின்வழியாக வடிந்துவிடாமல் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இருந்தது. அதுதான் கட்டவுட். ரெகுலேட்டர் சுருளும் அதே பெட்டியில் இருந்ததால் பெட்டி முழுவதற்கும் அந்தப் பெயர் நிலைத்தது. ஆல்டர்னேட்டரில் டையோடுகளே பின்னோட்டத்தைத் தடுத்துவிடுவதால் கட்டவுட்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லால் யாரும் தவறான உறுப்பைக் கழற்றுவதில்லை. பட்டறையில் ‘கட்டவுட்’ என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். ஏட்டில் உருவான ‘சீராக்கி’க்கு அந்தத் தெளிவு கிடையாது.

என் தேர்வு ‘மின்னழுத்த நெறிப்படுத்தி’. நெறி என்றால் வழி, விதி இரண்டும்தான். ரெகுலாவின் பொருளோடு அது இயல்பாகவே ஒத்துப்போகிறது. நெறிப்படுத்துவது என்றால் விலகும்போதெல்லாம் திருப்பிக் கொண்டுவருவது, கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். வோல்ட் மாறினாலும் வகுத்த வழியில்தான் மாறுகிறது என்பதும் அதில் அடங்கும். நீளமாக இருக்கிறது என்றால் ‘ரெகுலேட்டர்’ என்றே எழுதுங்கள். தமிழின் மீது பற்றுள்ளவன் என்ற முறையில்தான் சொல்கிறேன்: தப்பான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் தமிழுக்குக் குறைவான தீங்கு செய்யும்.

மொழிபெயர்ப்பவர்கள் வண்டியின் பானெட்டை ஒருமுறையாவது திறந்து பார்த்துவிட்டு எழுதலாம். ஆல்டர்னேட்டரை ‘மின்மாற்றி’ என்று எழுதுகிறார்கள். மின்மாற்றி டிரான்ஸ்ஃபார்மர்! தெருமுனையில் நிற்பது காருக்குள் எப்படி வந்தது? ‘மாறுதிசை மின்னாக்கி’ என்று எழுத எது தடுக்கிறது? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுவதும், அதை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்வதும்தான் நடக்கிறது.

பெயர்கள் பிரிந்தால்தான் சோதனையும் பிரியும். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டால் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் முதலில் பெல்ட், டெர்மினல், எர்த் இணைப்பு, ஃபியூஸ் எல்லாவற்றையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், நெறிப்படுத்தி செத்திருக்கலாம். 15 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பேட்டரியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், பல்புகள் அடுத்தடுத்துப் போனால், முதல் சந்தேகம் நெறிப்படுத்திமீதே விழ வேண்டும். மாறாக, மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், ரேடியோவில் எஞ்சின் வேகத்துக்கேற்ப இரைச்சல் வந்தால், டையோடு போயிருக்கிறது. அது அலைதிருத்தியின் கோளாறு.

தொடக்கத்தில் சொன்ன அந்த அறிவுரையை இப்படி எழுதியிருக்கலாம்: பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், ஏனென்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் எப்போதும் கரன்ட் இருக்கும். பின்மூடியைத் திறந்து, பிரஷ்களோடு சேர்ந்திருக்கும் மின்னழுத்த நெறிப்படுத்தியின் திருகுகளை எடுங்கள். ரோட்டர் தண்டில் பிரஷ் உரசும் வளையங்கள் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் துடையுங்கள். புதியதைப் பொருத்தும்போது பிரஷ்களை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடைந்துவிடும். டையோடு தட்டைத் தொட வேண்டாம்.