கன்பவுடர்: தூளா, மருந்தா?

‘லாரியில் கடத்திய வெடிமருந்து சிக்கியது’ என்று செய்தி வருகிறது. சிக்கியது என்ன? கல்குவாரிக்குப் போகும் ஜெலட்டின் குச்சியா, பட்டாசுக் கலவையா, துப்பாக்கித் தோட்டாவா? மூன்றையும் வெடிமருந்து என்றே எழுதிவிடுகிறோம். அந்தச் சொல் முதலில் குறித்தது கரி, கந்தகம், வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) கலந்த கன்பவுடரை மட்டும்தான்.

கன்பவுடரில் பவுடர் எளிது. லத்தீனில் தூசியைக் குறித்த புல்விஸ், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த உருவம் அது. கன் கதைதான் சுவை. 1330-31இல் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டை ஆயுதப் பட்டியலில், கொம்பால் செய்த பெரிய எறிபொறி ஒன்றின் பெயர் ‘டோமினா குனில்டா’ என்று இருக்கிறது. குனில்டா சீமாட்டி! குன்ஹில்டர் என்பது ஸ்காண்டிநேவியப் பெண் பெயர். அதன் இரு பாதிக்கும் போர் என்றே பொருள். அந்தப் பெண் பெயர் சுருங்கித்தான் கன் ஆனது என்பது சொற்பிறப்பு அகராதிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம்.

ஆங்கிலத்துக்கு அது தூள். நமக்கோ மருந்து. சீனர்களுக்கும் மருந்துதான்: ஹுவோ யாவ், அதாவது நெருப்பு மருந்து. அங்கே காரணம் வெளிப்படை. சாகாமருந்து தேடிய தாவோ ரசவாதிகளின் கலயத்தில் பிறந்தது அது. கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்துச் சூடாக்கியவர்களின் கையும் தாடியும் வெந்தன, வீடே எரிந்தது என்று 9ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே ஒரு சீன நூல் எச்சரிக்கிறது. 1044இல் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலில் அதன் கலவை முறைகளே வந்துவிட்டன.

தமிழில் மருந்து என்றால் நோய் தீர்ப்பது மட்டுமா? எலிக்கு வைப்பதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, ஆளை மயக்கச் சோற்றில் கலந்து வைப்பதாகச் சொல்வதும் மருந்து. கூட்டிச் சேர்த்த எந்த வீரியப் பொருளுக்கும் நம்மிடம் அதுதான் பெயர். கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கலவைக்கு வேறு பெயர் எதற்கு? அக்கம்பக்கமும் அப்படியே: மலையாளத்தில் வெடிமருந்நு, கன்னடத்தில் மத்து, தெலுங்கில் மந்து, சிங்களத்தில் வெடி பெஹெத், அதிலும் பெஹெத் என்றால் மருந்துதான். சிலர் ‘துப்பாக்கித்தூள்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். சிவகாசியில் போய் அப்படிச் சொன்னால் மூக்குப்பொடி கேட்பதாக நினைப்பார்கள்.

வெடி இந்தக் கலவைக்கு மூத்த சொல். மழை பொய்த்தால் நிலம் வெடிக்கும், குதிகாலில் பித்தவெடிப்பு வரும், காட்டில் பருத்தி வெடிக்கும். இவற்றில் சத்தமே இல்லை, பிளப்பதுதான் பொருள். சத்தமும் நெருப்பும் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. ஈழத்தமிழில் ‘வெடி பட்டது’ என்றால் துப்பாக்கிச்சூடு பட்டது. நம் பக்கம் அது வேட்டாகவும் பட்டாசாகவும் நின்றுவிட்டது.

எக்ஸ்ப்ளோட் நேர் எதிர்; அது சத்தத்தில் பிறந்தது. ரோமானிய நாடக அரங்கில் மட்டமான நடிகனைக் கை தட்டி விரட்டுவதற்குப் பெயர் எக்ஸ்ப்ளோதெரே. பாராட்டிக் கை தட்டுவதைச் சொல்லும் அப்ளாஸும் அதே வேரில் கிளைத்ததுதான்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். கரியும் கந்தகமும் கலந்த இந்த மருந்து உண்மையில் வேகமாக எரிவது, அவ்வளவே. திறந்த வெளியில் கொளுத்தினால் புஸ்ஸென்று போய்விடும். இறுக்கிக் கட்டி அடைத்தால்தான் வாயு முட்டி உறையைக் கிழிக்கும். குண்டுகளில் அடைக்கும் டி.என்.டி. போன்ற வெடிபொருள்கள் அப்படியல்ல. அவற்றில் அதிர்வலை நொடிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது; அடைப்பு தேவையில்லை. இதற்கு ஆங்கிலம் டெட்டனேஷன் என்கிறது, இடி முழங்குதல் என்ற லத்தீன் வினையிலிருந்து. ஆல்ஃபிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட்டும் இந்த இனம்தான். பெயர் ஆற்றல் எனும் கிரேக்கச் சொல். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வெடிபொருள் என்பதே சரி. வெடிகுண்டு போல வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வேண்டாம். தோட்டாவைத் தோட்டா என்றே எழுதலாம். அதற்கு ஏன் மருந்து?

இன்னொரு வேடிக்கை உண்டு. 1889இல் கார்டைட் என்ற புதிய துப்பாக்கி மருந்து வந்தது. கயிறுபோல இழுத்துச் செய்வதால் கார்டு என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர். நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலை இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. கார்டைட் போன்ற புகையில்லா மருந்துகள் வந்ததும் பழைய கலவை தோட்டாக்களிலிருந்து வெளியேறியது. துப்பாக்கி கைவிட்ட ஒன்றைத் துப்பாக்கியின் பெயரால் எப்படி அழைப்பது? ஆங்கிலேயர் பிளாக் பவுடர் என்றும் சொல்லத் தொடங்கினார்கள்.

அதற்குத் தமிழில் கருமருந்து என்றால் கச்சிதம். புதிதாக ஆக்கிய சொல்போலத் தோன்றும். ஆனால் இந்த மருந்து பூசிய பட்டாசுத் திரிக்கு விருதுநகர் வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் பெயர் கருந்திரி.