போடிமெட்டுக் குளிரும் உள்ளே போடும் பனியனும்

விடிகாலை 5 மணிக்கு, தேனி மாவட்டத்துப் போடியில் ஜீப் கிளம்பும் இடத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். அந்த ஸ்வெட்டருக்கும் மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருப்பார்கள். மலைக்கு மேலே, கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நாலு வருஷமும் நான் அவர்களோடு அதே ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறிப் போனவள். ஸ்வெட்டரில் செடிக்கறை படாமல் இருக்கத்தான் சட்டை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்த அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"சட்டைய உள்ள போட்டா காத்து பூந்துரும்ல டீச்சர்" என்றார். அப்புறம் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள என்ன போட்ருக்கீங்க, இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றும் கேட்டார்.

நான் போட்டிருந்தது ஒரு நைலான் சிம்மீஸ், அதன் மேல் ஜாக்கெட், அதற்கும் மேல் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும் கடையில் வாங்கிய, பெரிய பெரிய கண்ணியாகப் பின்னிய ஸ்வெட்டர். கொடுத்த காசுக்குக் குளிர் கிட்டவே வரக் கூடாது. ஆனால் போடிமெட்டு ஏறும் பாதையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிடும், மொத்தம் 17 வளைவு.

அந்த அக்கா சொன்னதில் இருந்துதான் இந்த விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஸ்வெட்டர் சூடு தருவதில்லை, சூடு தருவது நம் உடம்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே 80 முதல் 100 வாட் வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோம், ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. அந்தச் சூடு ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது கம்பளி நூல்கூட இல்லை, நூலுக்கும் நூலுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ஸ்வெட்டருக்குள்ளே எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதில் பாதி தானாக விளங்கிவிடும்.

காற்று அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். பக்கவாட்டில் திறந்திருக்கும் ஜீப் மலை ஏறும்போது பெரிய கண்ணி ஸ்வெட்டர் கொசுவலைக்குச் சமம், சேர்த்து வைத்த சூட்டுக் காற்றை எதிர்க்காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். நெருக்கமாக நெய்த சட்டைத் துணியை மேலே போட்டால் காற்று அதில் மோதி நிற்கும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். அதே சட்டையை ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டால், காற்றைத் தடுக்க வேண்டியது ஸ்வெட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. காவல்காரரை வீட்டுக்குள் படுக்க வைத்த கதைதான்.

சரி, உள்ளே என்ன?

புடவை கட்டுகிறவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஸ்வெட்டருக்குள்ளே போடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சட்டையும் பேண்ட்டும் போடுகிற பெண்களை நினைத்தே எழுதுகிறார்கள். நம் ஜாக்கெட் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. உள்பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே ஒரு சாணோ அரைச் சாணோ வெறும் தோல், அதுவும் முதுகுப் பக்கம் மறைக்கவே ஒன்றும் கிடையாது. ஸ்வெட்டர் அதை மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம், ஆனால் ஸ்வெட்டரின் அடிப்பக்கம் திறந்துதானே கிடக்கிறது! உடம்பை ஒட்டிய காற்று சூடானதும் இலேசாகி மேலே ஏறும், முன்பக்கம் 'வி' வெட்டு வைத்த கழுத்து வழியாக வெளியேறும், அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த காற்று இடுப்பு வழியாக உள்ளே இழுக்கப்படும். அடுப்புப் புகைபோக்கி வேலை செய்வது இப்படித்தான். நடக்க நடக்க, குனிய நிமிர, துருத்தி ஊதுவதுபோல இது இன்னும் மோசமாகும். இதற்கு மருந்து இன்னொரு ஸ்வெட்டர் இல்லை. இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளப் பனியன் ஒன்றைப் போட்டு உள்பாவாடைக்குள் செருகி நாடாவை இறுக்கினால் கீழ்வாசல் அடைபட்டுவிடும். கழுத்தில் ஒரு துண்டையோ துப்பட்டாவையோ சுற்றினால் மேல்வாசலும் அடைபட்டது. இந்த இரண்டையும் செய்த அன்றைக்குத்தான் நான் 17 வளைவையும் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன்.

அந்தப் பனியன் எந்தத் துணியில் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டையே. எங்கள் மதினி பருத்தியைத் தவிர வேறெதையும் உடம்பில் படவிட மாட்டார். மலையேறுகிறவர்களைக் கேட்டால் பருத்தியா, ஐயோ வேண்டாம் என்பார்கள். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இருவரும் வேறு வேறு ஆளுக்குச் சொல்கிறார்கள்.

பருத்தி இழை தண்ணீரை விரும்பிக் குடிக்கும். சாதாரண அறைக் காற்றிலேயே 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கம்பளி 16 கிராம், பட்டு 11 கிராம், பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. வியர்வை பருத்திக்குள் போனால் இழை ஊறி, இடையிலிருந்த காற்றுப் பைகள் தண்ணீரால் நிரம்பி, துணி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. மேலே சொன்ன 25 மடங்குக் கணக்கு இங்கேதான் வந்து நிற்கும். அதோடு முடியவில்லை, அந்தத் தண்ணீர் காய வேண்டுமே. 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் சூடு வேண்டும் (1 வாட் என்பது விநாடிக்கு 1 ஜூல்). வேலை முடித்து வருகிறவரின் பனியனில் 100 கிராம் வியர்வை ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை டம்ளர்தான். அவ்வளவும் உடம்புச் சூட்டிலேயே காய வேண்டுமென்றால், சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு 40 முதல் 50 நிமிஷம் உண்டாக்கும் மொத்தச் சூட்டையும் அந்தப் பனியனுக்கே கொடுத்தாக வேண்டும். சாயங்காலம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் காலையில் அடித்ததைவிடக் குளிர் அதிகமாகத் தெரிவது இதனால்தான். காலையில் பனியன் காய்ந்திருந்தது.

பாலியஸ்டர் தன் இழைக்குள் தண்ணீரை விடாது. ஆனால் நல்ல பின்னலாக இருந்தால், இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் வியர்வை ஏறி வெளிப்பக்கம் பரவும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. பரவினால் சீக்கிரம் காயும். தெர்மல் என்று விற்கிற உள்ளாடைகளில் பலவும், விளையாட்டுக்காரர்கள் போடும் டீ சர்ட்டும் இந்த வகை. தோலோடு ஒட்டியிருந்தால்தான் இந்த வித்தை நடக்கும், தொளதொளவென்று இருந்தால் வியர்வையைத் தொடவே தொடாது. அதில் ஒரு தொல்லையும் உண்டு, நாற்றம். வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பாலியஸ்டர் விடாமல் பிடித்துக்கொள்ளும், கிருமிகள் அதில் விருந்து வைக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. மதினி கட்சிக்கு இதில் ஒரு ஓட்டு.

ஆக, வகுப்பறையிலோ பாங்கிலோ நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் பருத்தியே போடலாம், வியர்த்தால்தானே வம்பு. திருப்பூர்க்காரர்கள் ரிப் என்றும் இன்டர்லாக் என்றும் சொல்லும் பின்னல்கள் இதற்கு நல்லவை. சாதாரண பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியைவிட இவை தடிமன், அதிகம் காற்றைப் பிடிக்கும். ரிப் இழுபட்டு உடம்போடு நிற்கும், ஸ்வெட்டருக்குள் சுருண்டு மேலே ஏறாது. மலை ஏறி இறங்கி வேலை செய்கிறவருக்கு மெல்லிய கம்பளி உள்ளாடையோ பாலியஸ்டரோ சரி. கம்பளி இதில் ஒரு படி மேலே, ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். விலைதான் வாயைப் பிளக்க வைக்கும்.

வலை பனியன் ஞாபகம் இருக்கிறதா, தாத்தாமார்கள் போடுவது? சிரிக்காதீர்கள். நார்வேயில் ஹென்ரிக் புரூன் என்கிற ராணுவ அதிகாரி 1933-இல் மீன்வலையை வெட்டித்தான் குளிருக்கு உள் பனியன் செய்தார். வலையின் ஓட்டைகளில் காற்று நிற்கும், மேலே போடும் துணி அதை மூடிவிடும், தோலில் படுகிற நூல் குறைவு என்பதால் ஈரம் ஒட்டாது. அதே வலையை மேலே எதுவும் மூடாமல் போட்டால் வெயிலுக்கு ஆகும். நம் தாத்தாக்கள் திண்ணையில் அதைத்தான் செய்தார்கள்.

அடுத்தது அரிப்பு. முதல் தடவை அசல் கம்பளி ஸ்வெட்டரைக் கையில்லாத ஜாக்கெட்டுக்கு மேல் போட்டுப்போன அன்று, மதியத்துக்குள் தோள்பட்டை சிவந்துவிட்டது. ஒவ்வாமை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை, சாதாரண குத்தல். ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அதன் தடித்த முனையை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், குத்தும். அதே நீளத்துக்கு மெல்லிய கோரைப்புல் நுனியை அழுத்தினால் வளைந்துவிடும். ஈர்க்கையே இன்னும் குட்டையாக ஒடித்து அழுத்தினால் இன்னும் பலமாகக் குத்தும். ஒரு குச்சி எவ்வளவு பாரத்தில் வளைந்து கொடுக்கும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே லியோன்ஹார்ட் ஆய்லர் என்கிற கணித மேதை கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தப் பாரம் குச்சியின் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் 1 மைக்ரான்) தடிமனுள்ள இழையும் 30 மைக்ரான் இழையும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் 30 மைக்ரான் இழை வளைய 5 மடங்கு பலம் வேண்டும். நம் தோலில் உள்ள வலி நரம்பின் முனை, சுமார் 75 மில்லிகிராம் பாரம் ஒரே புள்ளியில் விழுந்தால் விழித்துக்கொள்ளும். மெரினோ ஆட்டுக் கம்பளியின் மெல்லிய இழை அதற்குள் வளைந்துவிடும், 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு இழை வளையாமல் குத்தும்.

அதனால் முரட்டுக் கம்பளிக்கு உள்ளே போடுவது கழுத்தையும் மணிக்கட்டையும் மூட வேண்டும். கை வைக்காத சிம்மீஸ் போட்டு அரிக்கிறது என்று புலம்பிப் புண்ணியமில்லை. பட்டு இருந்தால் ராஜயோகம், ஏனென்றால் பட்டு நீளமாக ஓடும் ஒரே இழை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளே கிடையாது, வழவழப்பு வேறு. மூணாறில் விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பட்டு ஜாக்கெட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் போயிருக்கிறேன், அவ்வளவு சுகம். கை ஓரத்து ஜரிகை மட்டும் ஸ்வெட்டர் கண்ணியில் மாட்டிக்கொண்டு பாடாய்ப்படுத்தியது.

ஆனால் ரோட்டோரத்தில் குவித்து வைத்து விற்கிற 'உல்லன்' ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் கம்பளியே இல்லை, அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. உள் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, நசுக்கினால் தூளானால் கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டியான உருண்டையானால் அக்ரிலிக். (இடுக்கியில் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், விரலில் உருகி ஒட்டினால் பொல்லாது.) அக்ரிலிக் அவ்வளவாகக் குத்தாது, ஆனால் ராத்திரி கழற்றும்போது சடசடவென்று பொரியும், இருட்டில் பொறிகூடத் தெரியும். உரசும்போது நைலான் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், அக்ரிலிக் பிடுங்கிக்கொள்ளும். என்னுடைய நைலான் சிம்மீஸும் அக்ரிலிக் ஸ்வெட்டரும் அந்த வகையில் ஜாடிக்கேற்ற மூடி. பருத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், ஈரமும் வைத்திருப்பதால் மின்னூட்டம் தங்காது. மழைக்காலத்தில் இந்தப் பொறி வராது, மார்கழி தையில் காற்று காய்ந்திருக்கும்போதுதான் வரும்.

வெளிர் நிற மெல்லிய ஸ்வெட்டருக்குள் பிரா தெரிவதும் இயற்பியல்தான். வெள்ளைக்குள் வெள்ளை மறையும் என்று நினைக்கிறோம். கண்ணி வழியாக உள்ளே போகும் வெளிச்சத்தை வெள்ளைத் துணி பளிச்சென்று திருப்பி அனுப்பும், பக்கத்தில் இருக்கும் தோல் குறைவாக அனுப்பும், அந்த வித்தியாசம்தான் கோடாகத் தெரிவது. தோலின் நிறத்துக்கு ஒத்தது போட்டால் கோடு மறையும். ஆனால் கடையில் 'ஸ்கின் கலர்' என்று எடுத்துக் கொடுக்கிறார்களே, அது யாருடைய ஸ்கின் என்று எனக்கு இதுவரை புரியவில்லை. என் நிறத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம்தான் மறைகிறது.

இன்னொன்று, எத்தனை உடுப்பு போட்டாலும் ஸ்வெட்டர் இறுகக் கூடாது. ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறுகினால் காற்று நசுங்கி வெளியேறிவிடும், மூன்று துணி போட்டும் ஒரு துணி போட்ட பலன்தான்.

அந்த அக்காவின் பையில் தூக்குச்சட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். சாயங்காலம் ஜீப் வருவதற்கு முன், சுமை கட்டும் ஷெட்டுக்குப் பின்னால் போய், நனைந்த பனியனைக் கழற்றி அந்தக் கவரில் போட்டுக்கொண்டு காய்ந்த பனியனை மாட்டிக்கொண்டு வருவார். இரண்டாவது வருஷம் நானும் ஒரு கவர் கொண்டுபோக ஆரம்பித்தேன். "டீச்சருக்கு எதுக்கு, வெயில்ல நின்னா பாடம் நடத்துறீங்க?" என்று ஜீப்பே சிரித்தது.